முதுகுக்கு வசனம் எழுதியவள்

டப்பிங் கூடத்தில் அவளை எல்லோரும் உதட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேனிலிருந்து மேனேஜர்வரை அதே பெயர்தான். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்ப்பது ஊர் வழக்கம். அவள் உதட்டைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறைக்காகத் திட்டினால்கூட என்ன திட்டினார் என்பது அவள் மண்டையில் ஏறாது. எந்த இடத்தில் வாய் திறந்தது, எந்த இடத்தில் மூடியது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் கோபமாகப் பேசும்போது அவன் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அவனும், "அடடா, என் மேல இவ்வளவு ஆசையா" என்று மனம் இளகிச் சண்டையை விட்டுவிடுவானாம். விஷயம் என்னவென்று அவனுக்குப் புரிந்தபோது பிள்ளையே பிறந்துவிட்டது.

வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவள் வேலை. அதில் என்ன பிரமாதம், அவன் "போ" என்றால் நாமும் "போ" என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். உட்கார்ந்து பாருங்கள், தெரியும் சேதி. திரையில் இருக்கிறவன் தன் மொழியில் "போ" என்று சொல்வதற்கு வாயை அகலத் திறந்து, சுழித்து, மூடி, மறுபடி திறப்பான். நீங்கள் ஒற்றை எழுத்தைப் போட்டால் குரல் நின்ற பிறகும் அவன் வாய் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். வீட்டில் பார்க்கிறவர்கள் டிவிப் பெட்டி கெட்டுப்போச்சு என்று அதன் தலையில் தட்டுவார்கள். ஆகவே, "இனிமே இந்தப் பக்கம் தலையே காட்டாதே" என்று நீட்ட வேண்டும். அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் சொல்லும் ஒட்ட வேண்டும். அவன் மூச்சு வாங்கினால் நாமும் வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அர்த்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் தப்பிப் பிழைக்க வேண்டும்.

இதற்கென்று அவள் படித்துவிட்டு வரவில்லை. வசனத் தாள்களை டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். அப்போது எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு தொடரின் பாதியில் வேறு நல்ல வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். கதாநாயகி மலையுச்சியில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். காப்பாற்ற வந்தவன் வாயைத் திறந்துவிட்டான். அவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ ஏதாவது போட்டுக் குடும்மா" என்று கெஞ்சினார். அந்த ஒரு நாள்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகப் பட்டியலில் மட்டும் அவள் இன்னமும் டைப்பிஸ்ட். மாற்றச் சொல்லி அவளும் கேட்டதில்லை. ஊரில் உள்ள வாய்க்கெல்லாம் சொல் கொடுக்கிறவளுக்குத் தன் வாயைத் திறக்க ஒரு சொல் அகப்படவில்லை பாருங்கள்.

யாராவது, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு வியர்த்துவிடும். "டப்பிங்ல... வசனம்... அதாவது மொழிபெயர்ப்பு மாதிரி... டைப்பிங்தான்" என்று ஒவ்வொரு படியாக இறங்கித் தரைக்கு வந்துதான் நிற்பாள். கேட்டவர், "அப்படியா, நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார்.

இதைப் பார்க்கிறபோதெல்லாம் குரலம்மாவுக்கு எரிச்சலாக வரும். குரலம்மா அந்தக் கூடத்தின் மூத்த குரல்காரர். மாமியார், மந்திரவாதி, நீதிபதி, பேய் என்று எது கொடுத்தாலும் பேசுவார்.

"எழுத்தாளர்னு சொல்லித் தொலையேன்டி. வாயில கொழுக்கட்டையா?"

"நான் எங்கக்கா எழுத்தாளர்? கதை அவங்க கதை. மூஞ்சி அவங்க மூஞ்சி. குரல் உங்க குரல். யாரோ அளவெடுத்து யாரோ வெட்டின சட்டைக்குப் பட்டன் தைக்கிறவ நான். பட்டன் தைக்கிறவ தன்னைத் தையல்காரின்னு சொல்லிக்கலாமா?"

"அந்தச் சட்டையைப் பட்டன் இல்லாம போட்டுக்கிட்டு ரோட்டுல போகச் சொல்லு பாப்போம்!"

கூடம் சிரிக்கும். உதட்டக்காவும் சிரிப்பாள். ஆனால் மனசு சமாதானமாகாது. எழுத்தாளர் என்றால் அவள் மனதில் ஒரு படம் இருந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் கன்னத்தில் கை ஊன்றிக்கொண்டு எங்கேயோ பார்க்கிற முகம். பெரிய நெற்றி. நாலு பேர் கூடினால் எடுத்து விடுவதற்குக் கைவசம் ஒரு கோபம். அவளுக்குக் கோபம் வந்தால் தலைவலிதான் வரும். கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள், அதுவும் சின்னதாக இருந்தது. இந்த நெற்றியை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

இப்போது முதுகு விஷயத்துக்கு வருகிறேன். அவள் கதையே அதில்தான் இருக்கிறது.

முகம் தெரிகிறவரைதான் உதட்டின் சட்டம். ஆள் திரும்பி முதுகைக் காட்டிவிட்டால் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதுகு வந்தால் வசனம் எழுதுகிறவர்கள் அப்பாடா என்று காலை நீட்டிக்கொள்வார்கள். உதட்டக்கா அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவாள். தோள் எப்படி ஏறி இறங்குகிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அந்த முதுகு இப்படித்தான் பேசும் என்று முடிவு செய்து எழுதுவாள்.

போன வருஷம் ஒரு நீளத் தொடர் வந்தது. பெரிய வீடு, செத்துப்போன அம்மா, சொத்துக்கு அடித்துக்கொள்கிற மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. எல்லா அடிதடியும் சாப்பாட்டு மேஜையில்தான் நடக்கும். மேஜைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி. அங்கே எந்நேரமும் ஒரு வயதான சமையல்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். மூலத்தில் அவளுக்கு ஒரு வார்த்தைகூட வசனம் கிடையாது. சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி, அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக இருந்தாள்.

முதல் வாரத்தில் மூத்த அண்ணன் மேஜையில் ஓங்கிக் குத்தி, "இந்த வீட்டுக்காக நான் ரத்தம் சிந்தியிருக்கேன்!" என்று கத்துகிறான். பின்னால் சமையல்காரியின் தோள் குலுங்கியது. இசை காதைப் பிளந்ததால் குரல் கேட்கவில்லை. இவள் ஏதோ சொல்கிறாள், மொழிபெயர்ப்புத் தாளில் அது விட்டுப்போயிருக்கிறது என்று உதட்டக்கா நினைத்தாள். அப்படி விட்டுப்போவது சகஜம்தான். தோளின் வேகத்தைப் பார்த்து ஒரு வரி எழுதினாள்.

குரலம்மா மைக்கின் முன்னால் நின்று அதை முணுமுணுத்தார்: "ரத்தம் சிந்தினாராம். குடிச்ச டம்ளரை எடுத்து வெச்சதில்ல."

ஒலிப்பதிவு செய்கிறவர் சிரித்த சிரிப்பில் ஹெட்ஃபோன் கழுத்துக்கு இறங்கிவிட்டது. சிரித்து முடித்துவிட்டு மூலத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அக்கா, அந்தம்மா பேசவே இல்ல. அடிப்பிடிச்ச பாத்திரத்தைத் தேய்க்கிறாங்க. அதான் தோள் ஆடுது."

உதட்டக்காவுக்கு முகம் செத்துவிட்டது. தோளைப் படிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள், பாத்திரம் தேய்ப்பதைப் பேச்சு என்று படித்துவிட்டாள்! "எடுத்துடுங்க" என்றாள்.

"இருக்கட்டும்க்கா. யார் பாக்கப்போறாங்க?"

யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டதைத்தான் ஊரே பார்க்கும். அது உலக வழக்கம்.

முதல் தடவை தவறு. இரண்டாவது தடவை? அதுதான் எனக்குப் பிடித்த இடம். அடுத்த அத்தியாயத்தில் அண்ணன்கள் இருவர் சமாதானமாகிக் கட்டிக்கொள்கிறார்கள். பின்னால் அதே முதுகு, அசையாமல் நிற்கிறது. அந்த முதுகைச் சும்மா விட்டுவிட்டுப் போக உதட்டக்காவுக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை பேசிவிட்டவள் இனி எப்படிப் பேசாமல் இருப்பாள்? கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதினாள்: "கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. இனிமே கத்தியெல்லாம் எண்ணி வைக்கணும்."

பிறகு நிற்கவில்லை. இரண்டாவது அண்ணன் மனைவி வராத அழுகையை வரவழைத்து அழுதபோது முதுகு சொன்னது, "அழறதுன்னா மூக்கும் சேர்ந்து அழணும். இங்க கண்ணு மட்டும்தான் வேலை செய்யுது." எல்லாம் வாய்க்குள் பேசுகிற பேச்சு. மேஜையில் இருப்பவர்களுக்குக் கேட்காது, பார்க்கிறவர்களுக்குக் கேட்கும். சனங்கள் அண்ணன்மார்களை மறந்தார்கள். தொட்டிப் பக்கத்து முதுகு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். முணுமுணு அம்மா என்று பெயரும் வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முணுமுணு அம்மாவின் முதல் ரசிகை உதட்டக்காவின் மாமியார். அத்தைக்கு அந்தத் தொடர் வந்தால் வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. தொடரில் கேட்டதை அப்படியே மருமகள் மேல் பிரயோகிப்பார். ஒரு நாள் உதட்டக்கா அவசரமாகக் கிளம்பும்போது தேநீர்க் கோப்பையை மேஜையிலேயே விட்டுவிட்டாள். அத்தை தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு ராகமாக ஆரம்பித்தார், "ரத்தம் சிந்தறாங்களாம் ஆபீஸ்ல. குடிச்சதை எடுத்து வெச்சதில்ல."

தான் எழுதிய வசனத்தாலேயே திட்டு வாங்கிய பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உதட்டக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிப்பு வேறயா? ஏன்டி, நீ அங்கதானே டைப்பு அடிக்கிற. முணுமுணு அம்மாவுக்கு எழுதறவங்களைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் அத்தை."

"எப்படி இருப்பாங்க?"

"சாதாரணமாத்தான் இருப்பாங்க."

"போடி, உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

கண்ணில் ஒத்திக்கொள்ள வேண்டிய கை அத்தைக்கு எட்டும் தூரத்தில் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அத்தை நம்புவாரா? நம்பினாலும், அவள் எழுதியது என்ன? காணாத நேரத்தில் யாரோ ஒருத்தியின் முதுகில் ஒட்டிய துண்டுச் சீட்டு. புருஷன் மட்டும் விஷயம் தெரிந்தவன். அவன் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தான். அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

தொடர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது இடி இறங்கியது. தொடரைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா டிவி அலுவலகத்துக்கு வருகிறார், அங்கே வந்து பார்க்க வேண்டும் என்று மேனேஜருக்குத் தகவல் வந்தது. தமிழ் தெரிந்தவராம். தமிழில் ஓடுவதையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாராம். மேனேஜர் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். நல்ல மனிதர், ஆனால் நிழலைக் கண்டாலும் பயப்படுகிறவர். அன்று உதட்டக்காவையும் குரலம்மாவையும் அறைக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"ஒப்பந்தத்துல ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாதுன்னு இருக்கு. எழுதிச் சேர்த்தோம்னு தெரிஞ்சா அடுத்த தொடரை நமக்குத் தரமாட்டாங்க. அதனால ஒரே பேச்சுதான். குரலம்மா மைக்ல தானா ஏதோ பேசிட்டாங்க, நாம கவனிக்கல. அவ்வளவுதான்."

"எம்மேல போடுங்க" என்றார் குரலம்மா. "இந்த வயசுல என்னைத் தூக்குலயா போடப்போறாங்க?"

உதட்டக்கா தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வேலை தப்பியது. கூடத்தின் பிழைப்பு தப்பியது. குரலம்மாவுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எல்லோருக்கும் நல்லது. ஆனால் மூவரும் அறைக்குள் நுழையும்போது, தன் பிள்ளையை வேறு ஒருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற மாதிரி ஒரு சங்கடம் அவளுக்குள் முள்ளாகக் குத்தியது.

அதிகாரியம்மா கடுகடுவென்று இருப்பார் என்று நினைத்தார்கள். அப்படியில்லை. எல்லோரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் குடித்தார், பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மூலத்துல இந்தச் சமையல்காரம்மா வாயே திறக்கறதில்ல. உங்க தமிழ்ல வாயை மூடறதே இல்ல. எப்படி?"

"நான்தான்ங்க" என்றார் குரலம்மா, ஒத்திகை பார்த்த குரலில். "மைக்கைப் பாத்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"வாய்க்கு வந்ததா?"

"வாய்க்கு வந்ததுதான்ங்க."

அதிகாரியம்மா தன் தாளில் குறித்துக்கொண்டார். "சரி. கவனக்குறைவுன்னு போட்டுக்கறேன். மறு ஒளிபரப்புக்கு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சிடுங்க. கடைசி வாரத்துலயும் அந்தம்மா பேசக்கூடாது. வாய்க்கு வந்த பேச்சுதானே, போனாப் போகட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

மேனேஜர் விட்ட மூச்சில் மேஜை மேல் இருந்த காகிதம் அசைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எழுந்து, கும்பிட்டு, வெளியே போகவேண்டியதுதான் பாக்கி.

உதட்டக்கா எழுந்திருக்கவில்லை. அவள் மனதில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா செத்த வீட்டில், அண்ணன்கள் எல்லாம் போன பிறகு, தங்கை மட்டும் மேஜையில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிற காட்சி. பின்னால் சமையல்காரியின் முதுகு. அந்த முதுகுக்கு முதலில் "அழுதது போதும், சாப்பிடு" என்று எழுதினாள். அதை எவளும் சொல்வாள். அடித்தாள். வேறு எழுதினாள், அதில் புத்திமதி வாடை வந்தது. அதையும் அடித்தாள். காய் நறுக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணு" என்ற ஒரு சொல்லைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, அதற்காக ஒரு இரவு தூக்கத்தையே விட்டாள். கடைசியில் வந்தது: "துக்கத்துக்கு வயிறு கிடையாது கண்ணு. உனக்கு இருக்கு. சாப்பிடு." அதை இப்போது சாவு வீடுகளில் சனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று யாரோ சொல்லி அவள் காதுக்கும் வந்திருந்தது. அது வாய்க்கு வந்ததாம். போனால் போகட்டுமாம்!

உள்ளங்காலில் கிளம்பிய கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தலைவலி வரவில்லை. குரல்தான் வந்தது.

"அது வாய்க்கு வந்தது இல்லைங்க. எழுதினது. நான் எழுதினது."

மேஜைக்கு அடியில் மேனேஜரின் செருப்பு அவள் காலைத் தேடியது. குரலம்மா, "ஐயோ, கெடுத்தாளே" என்று வாய்க்குள் சொன்னார்.

அதிகாரியம்மா நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"எழுத்தாளர்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. சுவர் இடிந்து விழவில்லை. மின்விசிறி பழையபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தப் பட்டியல்ல உங்களை டைப்பிஸ்ட்னு போட்டிருக்கே?"

"அது தப்புங்க."

"எழுதிச் சேர்த்ததுன்னா பழி உங்க மேல வரும். தெரியுமில்ல?"

"வரட்டும்ங்க. நான் செஞ்சதுக்கு நான்தானே பதில் சொல்லணும்? முதல் தடவை தெரியாம போட்டேன். பாத்திரம் தேய்க்கிறதைப் பேசறாங்கன்னு நினைச்சிட்டேன். ரெண்டாவதுலேருந்து எல்லாமே தெரிஞ்சு போட்டது. கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும், கேக்கல. தப்புன்னு எழுதிக்கோங்க. அழிக்கணும்னாலும் அழிங்க. ஆனா வாய்க்கு வந்ததுன்னு மட்டும் எழுதாதீங்க."

பேசி முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "சரி, எழுத்தாளர். கடைசி அத்தியாயத்துல அந்தம்மா வீட்டை விட்டே போறாங்க. வாசல்லேருந்து தெருக்கோடிவரைக்கும் முதுகுதான். இவ்வளவு நீளமான முதுகு இந்தத் தொடர்லயே கிடையாது. அங்க என்னென்ன பேச வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

மேனேஜர் அவசரமாகக் கடைசித் தாள்களைப் புரட்டினார். அங்கே நிஜமாகவே வெற்றிடம்தான் இருந்தது.

"ஏன்? மறந்துட்டீங்களா?"

"எழுதி எழுதிப் பாத்தேன்ங்க. எழுதினதெல்லாம் நல்லாவும் இருந்துது. ஆனா அவ எதைப் பேசினாலும் அந்த வீடு இன்னும் அவ மனசுல இருக்குன்னு ஆயிடுது. பாதி தெருவுல திரும்பி வந்துடுவா போலிருக்கு. இத்தனை நாள் அவ பேசினதெல்லாம் அந்த வீட்டுக்குள்ள மூச்சு முட்டாம இருக்கறதுக்காக. வெளியில வந்தப்புறம் யாருக்குப் பேசணும்? அங்க அவ பேசமாட்டா."

அதிகாரியம்மா முன்பு குறித்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"நான் என் வேலையைச் செய்யணும். மேலிடத்துல சொல்லித்தான் ஆகணும்" என்றார். "ஆனா கவனக்குறைவுன்னு சொல்லமாட்டேன். எழுத்தாளர் எழுதினதுன்னே சொல்றேன். முடிவு அவங்க கையில."

லிஃப்டில் இறங்கும்போது மேனேஜர் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினார். கூடத்தை மூடிவிட்டுத் தெருவில் நிற்கப்போகிறோம் என்றார், எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரியாதா என்றார். திட்டி முடித்து, தரைத்தளம் வந்து, கதவு திறந்த பிறகு, "பட்டியலை மாத்தணும்னா முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். குரலம்மா அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அன்பு மிகுந்தால் அவருக்குக் கைதான் நீளும்.

பதில் வருவதற்குள் கூடம் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு வழியாக வந்தது: இருப்பது இருக்கட்டும், இனிமேல் சேர்ப்பதானால் கேட்டுவிட்டுச் சேர்க்கவும். பெரிய பாராட்டெல்லாம் இல்லை. ஆனால் ஒரு வரியும் அழியவில்லை.

கடைசி அத்தியாயம் ஓடிய அன்று உதட்டக்கா சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தை டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். புருஷனும் பேப்பரை மடித்து வைத்துவிட்டான். மேஜையில் அண்ணன்கள் வீட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். தங்கை தன் பெட்டியோடு வெளியூர் போனாள். கடைசியாகச் சமையல்காரி தொட்டியைத் துடைத்தாள், கையைத் துடைத்தாள், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கினாள். தெருவில் அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. எழுத்துகள் மேலே ஓட ஆரம்பித்தன.

அத்தைக்குத் தாங்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது, வாயிலோ ஆங்காரம்.

"என்னடி இது அநியாயம்! இத்தனை நாள் பேசினவ ஒரு வார்த்தை பேசாம போறாளே! வயிறு எரியுதே எனக்கு! இதை எழுதறவ கடைசி நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சா?"

"எங்கயும் போகல அத்தை. இங்கதான் இருக்கேன்."

அத்தை திரும்பினார். மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் தலையை ஆட்டினான். மறுபடி மருமகளைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான். அவ பேசினதெல்லாம் நான் எழுதினது. இப்ப பேசாம போறாளே, அதுவும் நான் எழுதினதுதான்."

"நீ டைப்பு அடிக்கிறவ இல்ல?"

"இல்ல அத்தை. எழுத்தாளர்."

இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னாள். சொல் வாயில் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தது. அத்தை முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். கோபமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உதட்டைப் பார்த்தால், அது இன்னும் அழுகையில் துடித்துக்கொண்டிருந்தது.

"எழுத்தாளர்னா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார் அத்தை. "சொல்லு. இந்த வயசுல ஒத்தைப் பையைத் தூக்கிக்கிட்டு அவ எங்கடி போறா?"

மூலத்தில் அதற்குமேல் எதுவும் இல்லை. கதை எழுதியவர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பார்த்து எழுத இனி ஒரு உதடும் இல்லை, ஒரு முதுகும் இல்லை. உதட்டக்கா நாற்காலியை அத்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெருக்கோடியில அவளுக்கு ஒரு பஸ் வருது அத்தை" என்று ஆரம்பித்தாள்.